ஒரே வரி கோடு, 15 செட்டிங் காணோம்: வெப் ஆப்களை லைப்ரரி வழியா நிர்வகிக்கிறவங்க வழி சொல்லுங்க

#1 · கட்டபெட்டு · வியாழன் இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவுல, கட்டபெட்டுல இருந்து எழுதுறேன். மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல வெப் ஆப்களை ஓட்டற அஷ்யூர் ஆப் சர்வீஸ்ல ஒன்பது சின்ன வெப் ஆப் என் பொறுப்புல ஓடுது. எட்டு ஹோம்ஸ்டே புக்கிங் சைட். ஒன்பதாவது, எங்க பக்கத்து நாலு ஹட்டி (படுகர் ஊரு) சிறு விவசாயிங்க பச்சைத் தேயிலை எடை போடறதுக்காக எழுதிக் கொடுத்தது. இலை வாங்கற செட்டுல (கொட்டகையில) தராசுகிட்ட நிக்கிற பையன் போன்ல எடையைப் போடுவான், விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும், அந்தக் கணக்கை வச்சுத்தான் மாசக் கடைசில பணப் பட்டுவாடா.

இத்தனை நாளும் அஷ்யூரோட நிர்வாக வெப் பக்கமான போர்ட்டல்ல போய் ஒவ்வொண்ணாத் தட்டிட்டு இருந்தேன். மழை பிடிச்சா இங்க சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிடும். போர்ட்டல் பக்கம் பாதி வரும், பாதி சுத்திக்கிட்டே இருக்கும். எது பதிஞ்சது, எது பதியலைன்னே தெரியாது. அதனால பைத்தான்ல அஷ்யூரோட மேனேஜ்மென்ட் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி, வெப்சைட் மேனேஜ்மென்ட் கிளையண்ட் வழியா ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு வாரமா பட்டியல் எடுக்கிறது, ரீஸ்டார்ட் பண்றது எல்லாம் நல்லாத்தான் போச்சு.

இன்னைக்கு மத்தியானம் செட்டுல இருந்து போன் வந்துச்சு. மூணு நாளா விடாத மழை, இலை எல்லாம் நனைஞ்சு வருது, மழைக் கழிவை (ஈரத்துக்காக எடையில கழிக்கிறது) 5ல இருந்து 8 சதவீதமா மாத்தணும்னாங்க. அது ஒரு ஆப் செட்டிங், அதாவது கோடுக்கு வெளிய பேரும் மதிப்புமா வைக்கிற ஒரு ஜோடி. அந்த ஒரே ஒரு ஜோடியை டிக்‌ஷனரியில வச்சு, அப்டேட் அப்ளிகேஷன் செட்டிங்ஸ்ங்கிற மெத்தடைக் கூப்பிட்டேன். எரர் ஒண்ணும் வரலை. ஒரு நிமிஷம் கழிச்சு ஆப் படுத்துடுச்சு. போர்ட்டலைத் திறந்தா 16 செட்டிங் இருந்த இடத்துல மழைக் கழிவு மட்டும் தனியா நிக்குது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன், எஸ்எம்எஸ் கீ, செஷன் சீக்ரெட், மெயில் பாஸ்வேர்டு, எதுவும் இல்லை.

பைக்கை எடுத்துட்டு செட்டுக்கு ஓடினேன். மழைக்குக் கொங்காணி போத்திட்டு நாப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. லாரி ஸ்டார்ட்லயே நிக்குது. நோட்டுத் தாள் ஈரம் ஊறி பால்பாயிண்ட் பிடிக்கலை, பையன் பென்சிலால அழுத்தி அழுத்தி எழுதிட்டு இருக்கான். வரிசையில இருந்த ஒரு பாட்டி, "எடை மெசேஜ் இன்னைக்கு வராதா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு அந்த மெசேஜ்தான் ரசீது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை.

தப்பு என்னோடதுதான், அதுல சந்தேகம் இல்லை. மூணு விஷயம் கேக்கணும். போன செட்டிங்கைத் திரும்ப எடுக்க முடியுமா? ஏன் இப்படி ஆச்சு? இனி லைப்ரரியை விட்டுட்டு போர்ட்டலுக்கே போயிடறதா?

#2 · அரவேணு · வியாழன் இரவு 9.24

தம்பி, முதல்ல அந்த ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டாதீங்க. போர்ட்டல்லயும் அவசரப்பட்டு எதையும் சேவ் பண்ணாதீங்க.

ஆக்டிவிட்டி லாக்ல யாரு, எப்ப மாத்தினாங்கன்னு தெரியும், பழைய மதிப்பு கிடைக்காது. அதனால வேற இடத்துல தேடுங்க. எழுதின லேப்டாப்ல என்வ் ஃபைல் (செட்டிங் எழுதி வைக்கிற ஃபைல்) இருக்கா? ஸ்டேஜிங் ஸ்லாட் (ஆப்போட சோதனை நகல்) ஏதாவது வச்சிருந்தீங்களா? டிப்ளாய் பண்ற இடத்துல சீக்ரெட் எதுவும் போட்டு வச்சிருக்கீங்களா? இந்த மூணுலயும் சேர்த்து பாதியாவது தேறும். தேறாததுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டேட்டாபேஸ் பக்கமே ரீசெட் பண்ணிக்கலாம், எஸ்எம்எஸ் கீயை அவங்க பேனல்ல புதுசா எடுத்துக்கலாம்.

முதல்ல டேட்டாபேஸும் எஸ்எம்எஸ்ஸும். மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.

#3 · வர்க்கி · வியாழன் இரவு 9.31

இதே வரி, இதே மெத்தட், எனக்கும் நடந்திருக்கு. போன வருஷம். அன்னைக்கு ராத்திரி தூங்கலை. விடியறதுக்குள்ள சரியாயிடும், தைரியமா இருங்க.

#4 · கட்டபெட்டு · வெள்ளி காலை 6.50

அக்கா, ரொம்ப நன்றி. ஸ்லாட் கிடையாது, நான் காசு கட்டற பேசிக் பிளான்ல ஸ்லாட்டே வராது. பழைய லேப்டாப்ல என்வ் ஃபைல் கிடைச்சது, அதுல ஒன்பது சரியா இருந்துச்சு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தி, எஸ்எம்எஸ் கீயைப் புதுசா எடுத்து, மீதி நாலைக் கோடைப் படிச்சு நானே எழுதிப் போட்டேன். ராத்திரி 1.40க்கு ஆப் எழுந்துச்சு. காலையில செட்டுக்குப் போய் நேத்து நோட்டுல எழுதினதை எல்லாம் ஏத்தணும்.

ஆனா ஏன் ஆச்சுன்னு தெரியாம மறுபடி அந்த ஸ்கிரிப்டைத் தொட மாட்டேன். மெத்தட் பேரே அப்டேட்தானே? அப்டேட்னா இருக்கிறதுல மாத்தறதுதானே?

#5 · அரவேணு · வெள்ளி காலை 8.15

இங்கதான் எல்லாரும் விழறோம். கொஞ்சம் விரிவா எழுதறேன், பின்னாடி வர்றவங்களுக்கும் உதவும்.

அந்த மெத்தடோட விளக்கத்துல முதல் வரியே 'ரீப்ளேஸ்'னுதான் இருக்கு. அது உள்ள அனுப்புறது ஒரு புட் கோரிக்கை. புட்னா, "இனிமே மொத்தப் பட்டியலும் இதுதான்"னு சொல்றது. நீங்க ஒண்ணு கொடுத்தீங்க, அது ஒண்ணையே மொத்தமா எடுத்துக்கிச்சு. லைப்ரரி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. செட்டிங் மாறினா ஆப் தானா ரீஸ்டார்ட் ஆகும், அதனாலதான் அடுத்த நிமிஷமே படுத்துச்சு.

அப்புறம் ஏன் அஷ்யூரோட கமாண்ட் லைன் டூல்ல ஒரு செட்டிங்கை மட்டும் கொடுத்தா மத்தது போறதில்லை? அந்த டூல் உங்களுக்காக முதல்ல பழைய பட்டியலை எடுக்குது, உங்க மதிப்பை அதுல சேர்க்குது, மொத்தத்தையும் திருப்பி அனுப்புது. போர்ட்டலும் முழுப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டுத்தான் சேவ் பண்ணுது. நடுவுல இருந்து அந்த வேலையைப் பார்த்துக்கிட்டிருந்த ஆளை லைப்ரரிக்கு வந்ததும் நாம எடுத்துட்டோம். இனி அந்த வேலை நம்மளோடது.

ஆக, வரிசை இப்படி இருக்கணும். லிஸ்ட் அப்ளிகேஷன் செட்டிங்ஸைக் கூப்பிடுங்க. வர்ற பொருள்ல ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு டிக்‌ஷனரி இருக்கும். அதுலயே உங்க மதிப்பை வையுங்க. அதே பொருளையே திருப்பி அனுப்புங்க. புதுசா ஒண்ணை உருவாக்கவே கூடாது.

இன்னொரு குழியும் இருக்கு. வெப் ஆப்பை கெட்னு கேட்டு, அதுல சைட் கான்ஃபிக் உள்ள ஆப் செட்டிங்ஸைப் பார்த்தா காலியா வரும். "ஐயோ, ஒண்ணுமே இல்லை"ன்னு நினைச்சு நாம எழுத ஆரம்பிச்சா தீர்ந்தது கதை. செட்டிங்ல ரகசியம் இருக்கிறதால சாதாரணமா படிக்கிறப்ப அதைத் தர்றதில்லை. தனியா லிஸ்ட்னு கேக்கணும், அதுக்குத் தனி அனுமதி வேணும். பார்க்க மட்டும் அனுமதி தர்ற ரீடர் ரோல் வச்சிருக்கிறவருக்கு அது கிடைக்காது.

லைப்ரரியை விட வேண்டாம் தம்பி. ஒன்பது ஆப்பை மழையில உக்காந்து போர்ட்டல்ல தட்டறதும் ஆபத்துதான். அங்க தப்பு நடந்தா என்ன நடந்துச்சுன்னு திரும்பிப் படிக்கக் கோடு கூட இருக்காது.

#6 · கூடலூர் · வெள்ளி காலை 10.02

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். அப்டேட்ங்கிற சொல்லை எந்த கிளவுட்லயும் நம்பாதீங்க. ஹெரோக்குங்கிற கிளவுட்ல கான்ஃபிக் வேரியபிளை மாத்தறது பேட்ச் கோரிக்கை. கொடுத்தது மட்டும் மாறும், மத்தது அப்படியே இருக்கும். ஒண்ணை எடுக்கணும்னா அதுக்கு நல்னு மதிப்பு கொடுக்கணும். அமேசான்ல எலாஸ்டிக் பீன்ஸ்டாக் என்விரான்மென்டை அப்டேட் பண்ணினாலும் கொடுத்தது மட்டும்தான் மாறும், நீக்கறதுக்குத் தனிப் பட்டியல். ஆனா அதே அமேசான்ல, அதே போட்டோ3 (boto3) பைத்தான் லைப்ரரில, லாம்டா ஃபங்ஷனோட என்விரான்மென்ட் வேரியபிளை அப்டேட் பண்ணினா மொத்தமும் மாறிடும், விட்டது போயிடும். ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு பழக்கம்.

பேட்ச்ங்கிற முறையே 2010ல, ஆர்எஃப்சி 5789ங்கிற இணைய விதி ஆவணத்துலதான் தனியா வரையறுக்கப்பட்டது. அதனால எந்த லைப்ரரியா இருந்தாலும் மெத்தட் பேரைப் பார்க்காதீங்க, அது அனுப்புறது புட்டா பேட்ச்சா, ஆவணம் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

என் கருத்து, இதுக்கெல்லாம் டெர்ராஃபார்ம்தான் சரி. என்ன இருக்கணும்னு ஃபைல்ல எழுதி கிட்ல (கோடோட மாற்றங்களைச் சேமிக்கிற டூல்) வச்சிருந்தா, நேத்து ஒரே கமாண்டுல எழுந்திருக்கும்.

#7 · கட்டபெட்டு · வெள்ளி மதியம் 1.20

கூடலூர் அண்ணே, யோசிச்சேன். எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. ஹோம்ஸ்டேக்காரங்கள்ல மூணு பேரு அவங்களே போர்ட்டல்ல போய் ரூம் ரேட்டை மாத்துவாங்க. நான் ஃபைல்ல பழைய ரேட்டை வச்சுக்கிட்டு டெர்ராஃபார்மை ஓட்டினா அவங்க மாத்தினதைத் திருப்பிடுமே?

#8 · கூடலூர் · வெள்ளி மதியம் 1.41

ஆமா, திருப்பிடும். ரேட்டு மாதிரி தினம் மாறுறதை ஆப் செட்டிங்ல வைக்கறதே தப்பு. டேட்டாபேஸ்ல ஒரு டேபிளுக்குக் கொண்டு போங்க. மழைக் கழிவும் அப்படித்தான். அதை மாத்தறதுக்காக ஒரு ஆப் ரீஸ்டார்ட் ஆகவே கூடாது.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். டெர்ராஃபார்ம் ஸ்டேட் ஃபைல்ல பாஸ்வேர்டு எல்லாம் பச்சையா எழுதியிருக்கும். அதைப் பாதுகாப்பா வைக்க ஆள் இல்லாத இடத்துல அதுவும் ஒரு சுமைதான். ஒன்பது ஆப்புக்கு நல்லா எழுதின ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

#9 · அரவேணு · வெள்ளி மதியம் 2.05

மழைக் கழிவை டேபிளுக்கு மாத்துங்கன்னு சொன்னதுக்கு என் ஓட்டும் உண்டு. நேத்து நடந்ததோட வேர் அதுதான்.

#10 · சிம்ஸ்பார்க் · வெள்ளி மாலை 4.30

வணக்கம், குன்னூர்ல பிஎஸ்சி இறுதி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக இதே லைப்ரரிதான். ரிசோர்ஸ் குரூப்ல (ஆப்களைச் சேர்த்து வைக்கிற தொகுதி) உள்ள ஆப் பட்டியலைக் கேக்கிற வரியை, எரரைப் பிடிக்கிற டிரை எக்ஸப்டுக்குள்ள வச்சேன். அது எரர் இல்லாம தாண்டிடுச்சு. கீழ ஃபார் லூப்ல போய் அனுமதி இல்லைன்னு வெடிக்குது. அனுமதி இல்லைன்னா முதல் வரியிலேயே சொல்லணும் இல்லையா?

#11 · அரவேணு · வெள்ளி மாலை 5.12

நல்ல கேள்விம்மா. அந்த வரி இன்னும் எதையும் கேக்கவே இல்லை. லிஸ்ட்னு ஆரம்பிக்கிற பட்டியல் மெத்தட்கள் உடனே போய் எல்லாத்தையும் வாரிட்டு வராது. "கேட்டா கொண்டு வர்றேன்"னு ஒரு சீட்டை மட்டும் கையில கொடுக்கும். லூப்ல முதல் ஆளைக் கேக்கறப்பதான் நெட்வொர்க்கைத் தொடும், பக்கம் பக்கமா எடுக்கும். அதனால டிரை எக்ஸப்ட் லூப்பையும் சேர்த்துச் சுத்தியிருக்கணும்.

காலையில பேசின லிஸ்ட் அப்ளிகேஷன் செட்டிங்ஸ் மட்டும் பேருல லிஸ்ட் இருந்தாலும் இந்த ரகம் இல்லை, அது உடனே போய் எடுக்கும். பேரு ஒண்ணு, குணம் வேற.

#12 · குந்தா · வெள்ளி இரவு 7.48

அனைவருக்கும் வணக்கம். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் மொழி அதிகம் தெரியாது. என் மகன் வீட்டு ஹோம்ஸ்டே சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனவே இந்த இழையை முழுவதும் படித்தேன்.

எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு, அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற உறுதி. கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் சப்ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்க வேண்டும். வேலை முடிந்து ஆள் இறங்கிய பின், வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "சொல்லிவிட்டேன்" என்பதை வைத்து யாரும் சுவிட்சைப் போட மாட்டோம். "இறங்கிவிட்டார்" என்ற சொல் வர வேண்டும்.

ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்ததும் உங்கள் ஸ்கிரிப்ட் 'முடிந்தது' என்று எழுதுகிறதே, அது சொன்னதைக் குறிக்கிறதா, நடந்ததைக் குறிக்கிறதா? என் மகன் சைட்டில் 'முடிந்தது' என்று வந்த பின்பும் ஒரு நிமிடம் பக்கம் திறக்காததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#13 · அரவேணு · வெள்ளி இரவு 8.30

ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியை நீங்க கேட்டிருக்கீங்க.

ரீஸ்டார்ட் மெத்தட் இயல்பா உடனே திரும்பிடும். 'கேட்டுக்கிட்டேன்'ங்கிறதுதான் அந்தப் பதில். சிங்க்ரனஸ்னு ஒரு அளவுரு இருக்கு, அதுக்கு ட்ரூ கொடுத்தா ரீஸ்டார்ட் ஆகிற வரைக்கும் காத்திருக்கும். அப்பவும் ஆப்போட பக்கத்தையே ஒரு தடவை கேட்டு 200 ('சரி'ங்கிற பதில் எண்) வருதான்னு பார்த்துட்டுத்தான் 'முடிந்தது'ன்னு எழுதணும். எங்க கம்பெனில நாங்க அப்படித்தான் செய்றோம்.

பிகின்னு தொடங்குற மெத்தட்கள் இன்னொரு வகை. ஆப்பை உருவாக்கறது, பிளானை மாத்தறது, ஸ்லாட்டை மாத்திப் போடறது மாதிரி நேரம் எடுக்கிற வேலைக்கு அது. கூப்பிட்டதும் ஒரு போலர் கையில கிடைக்கும். அதுல ரிசல்ட்னு கேட்டாத்தான் முடியற வரைக்கும் நிக்கும். கேக்காம ஸ்கிரிப்ட் முடிஞ்சுட்டா, வேலை அந்தப் பக்கம் நடந்துக்கிட்டே இருக்கும். நல்லபடியா முடிஞ்சதா, தோத்துச்சான்னு நமக்குத் தெரியாமலே போயிடும்.

நம்ம மலைக்கு இதுல இன்னொரு சங்கடம் உண்டு. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் வர்றதுக்குள்ள சிக்னல் போயிடும். சின்ன விக்கலுக்கு லைப்ரரியே சில தடவை மறுபடி முயற்சி பண்ணும். சர்வர் 429னு (கோரிக்கை அதிகம்) சொல்லி இத்தனை நொடி பொறுன்னா அதையும் மதிக்கும். அதையும் தாண்டி எரர் வந்தா, "நடக்கலை"ன்னு முடிவு பண்ணாதீங்க. மறுபடி லிஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் அடுத்த அடி வையுங்க. முழுப் பட்டியலை அனுப்புற புட்டுக்கு ஒரு நல்ல குணம், ஒரே பட்டியலை ரெண்டு தடவை அனுப்பினாலும் முடிவு ஒண்ணுதான்.

#14 · குந்தா · வெள்ளி இரவு 8.44

புரிந்தது. நன்றி அம்மா.

#15 · கட்டபெட்டு · சனி காலை 7.30

அடுத்தது சீசன் விஷயம். 2025 ஏப்ரல் 1ல இருந்து கோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு சீசன் மாசங்கள்ல வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு இ-பாஸ் கட்டுப்பாடு வந்துச்சு இல்லையா? அப்ப இருந்து பார்க்கறேன், முதல்ல ரூம், அப்புறம் பாஸ்னு ஒரே நேரத்துல கூட்டமா புக்கிங்குக்கு வர்றாங்க. எட்டு ஹோம்ஸ்டே சைட்டும் ஒரே பி1 (பேசிக்ல சின்னது) பிளான்ல இருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இன்ஸ்டன்ஸை (ஓடுற மெஷினை) ஒண்ணுல இருந்து மூணாக்கி, திங்கள் காலையில குறைக்கலாம்னு ஸ்கிரிப்ட் யோசிச்சேன். சீசன் முடிஞ்சா நாலு சைட்டை ஸ்டாப் பண்ணி வச்சா காசும் மிச்சம். சரிதானே?

#16 · கூடலூர் · சனி காலை 9.15

ரெண்டுலயும் திருத்தம் இருக்கு தம்பி.

காசு ஆப்புக்கு இல்லை, பிளானுக்கு. ஆப்பை ஸ்டாப் பண்ணினாலும் பிளான் இருக்கிற வரைக்கும் பில் ஓடும். நாலை நிறுத்தினாலும் எட்டையும் ஓட்டினாலும் அதே தொகைதான்.

இன்ஸ்டன்ஸைக் கூட்டறது பத்தி. பேசிக்ல மூணு வரைக்கும் கையால கூட்டலாம், தானா கூடுற ஆட்டோஸ்கேல் விதி ஸ்டாண்டர்டுலதான் ஆரம்பம். அதனால ஸ்கிரிப்ட் நல்ல யோசனைதான். ஆனா ஒரு பி1னா ஒரு கோர், 1.75 ஜிபி மெமரி. மூணாக்கினா மூணுலயும் எட்டு ஆப்பும் ஏறி உக்காரும். உங்களுக்கு இடிக்கிறது மெமரின்னா, மூணு மெஷினும் அதே மூச்சுத் திணறலோட ஓடும். அதுக்கு பக்கவாட்டுல கூட்டாதீங்க, மேல ஏத்துங்க: பி2ன்னா ரெண்டு கோர், 3.5 ஜிபி. முதல்ல மெட்ரிக்ஸ்ல மெமரியா சிபியுவான்னு ஒரு வாரம் பாருங்க.

பிளானை மாத்தறப்பவும் வியாழக்கிழமை பாடம்தான். இருக்கிற பிளானை கெட் பண்ணுங்க, எஸ்கேயுல (பிளானோட அளவு எழுதியிருக்கிற இடம்) வேண்டியதை மட்டும் மாத்துங்க, அதையே அனுப்புங்க. புதுசா ஒரு பொருளை எழுதினா, லினக்ஸ் பிளானுக்கு ரிசர்வ்ட்ங்கிற இடத்துல ட்ரூ வைக்கணும்ங்கிறதை மறந்துடுவோம். மறந்தா அது விண்டோஸ் பிளானைக் கேக்கிற கோரிக்கையா ஆயிடும்.

#17 · வர்க்கி · சனி காலை 9.40

ஸ்டாப் பண்ணினா பில் நிக்கும்னு ஒரு வருஷம் நினைச்சிருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது.

#18 · கட்டபெட்டு · சனி மதியம் 12.10

மெட்ரிக்ஸ் பார்த்தேன் அண்ணே, மெமரிதான். பி2க்கு ஏத்தற ஸ்கிரிப்டாவே எழுதறேன்.

கடைசியா ஒண்ணு. இந்த ஸ்கிரிப்ட் இப்ப என் சொந்த லாகினை வச்சு, வீட்டு லேப்டாப்ல ஓடுது. நேத்து மட்டும் அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லை. எங்க வைக்கறது, எந்த அனுமதில ஓட்டறது?

#19 · அரவேணு · சனி மதியம் 12.55

உங்க லாகின்ல ஓட்டினா, உங்களால அழிக்க முடிஞ்ச எல்லாத்தையும் அந்த ஸ்கிரிப்டாலயும் அழிக்க முடியும். அதை முதல்ல வெட்டுங்க.

ரெண்டு தனி அடையாளம் உருவாக்குங்க. செட்டிங், ரீஸ்டார்ட் பார்க்கிறதுக்கு வெப்சைட் கன்ட்ரிபியூட்டர் ரோல். அந்த ரோலால பிளானைத் தொட முடியாது, அது நல்லதுதான். பி2க்கு ஏத்தற ஸ்கிரிப்டுக்கு மட்டும் வெப் பிளான் கன்ட்ரிபியூட்டர். ரெண்டையும் சப்ஸ்கிரிப்ஷன் மட்டத்துல கொடுக்காம, அந்தந்த ரிசோர்ஸ் குரூப் மட்டத்துல கொடுங்க. தேயிலை ஆப்பைத் தனி ரிசோர்ஸ் குரூப்புக்கு மாத்திட்டா, ஹோம்ஸ்டே ஸ்கிரிப்ட் எவ்வளவு தப்பாப் போனாலும் அதைத் தொடாது.

கோடுல எந்தச் சாவியும் எழுத வேண்டாம். டிஃபால்ட் அஷ்யூர் கிரெடென்ஷியலைக் கொடுத்தா போதும். முதல்ல என்விரான்மென்ட் வேரியபிள்ல தேடும், அஷ்யூருக்குள்ளயே ஓடுனா அஷ்யூரே பார்த்துக்கிற அடையாளமான மேனேஜ்டு ஐடென்டிட்டியை எடுத்துக்கும், லேப்டாப்ல கமாண்ட் லைன் லாகினைப் பிடிச்சுக்கும். ஒரே கோடு எங்க வேணாலும் ஓடும். கிளையண்ட் சீக்ரெட் (ஸ்கிரிப்டோட பாஸ்வேர்டு மாதிரி) வச்சா அதுக்கு ஆயுசு உண்டு. போர்ட்டல்ல அதிகபட்சம் ரெண்டு வருஷம். முடியற தேதியை வீட்டுக் காலண்டர்ல எழுதி மாட்டுங்க. முடிஞ்சா மேனேஜ்டு ஐடென்டிட்டியே வையுங்க, காலாவதிச் சாவியே கிடையாது.

ஓட்டற இடம், குறிச்ச நேரத்துல கோடை ஓட்டற அஷ்யூர் ஃபங்ஷன்ஸ் டைமர். உங்க கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. நேரம் மட்டும் யுடிசியில (உலகப் பொது நேரம்) எழுதணும். நம்ம காலை 6 மணின்னா அங்க 0.30. வெள்ளிக்கிழமை சாயந்திரம் 5 மணின்னா காலை 11.30.

ரகசிய மதிப்புகளைக் கீ வால்ட்ல (அஷ்யூரோட ரகசியப் பெட்டகம்) வச்சுட்டு, செட்டிங்ல அதுக்கான குறிப்பை மட்டும் எழுதுங்க. அப்புறம் செட்டிங் மொத்தமும் போனாலும் போறது முகவரிதான், சாவி போகாது.

#20 · கட்டபெட்டு · ஞாயிறு இரவு 8.20

எல்லாரும் சொன்னதை வச்சு ரெண்டு நாளா உக்காந்து மாத்தி எழுதினேன். எப்படி வந்திருக்குன்னு சொல்றேன், தப்பு இருந்தா திருத்துங்க.

செட்டிங் மாத்தற ஃபங்ஷன் ஒண்ணே ஒண்ணுதான், வேற எங்கயும் அந்த அப்டேட் மெத்தடைக் கூப்பிடறதில்லை. அது முதல்ல லிஸ்ட் எடுக்கும். செட்டிங் பேர்களை மட்டும் லாக்ல எழுதும், மதிப்பை எழுதாது. மாத்தினதுக்கு அப்புறம் எண்ணிக்கை குறைஞ்சிருந்தா அனுப்பாம நின்னுடும். நீக்கணும்னா பேரைக் கையால தட்டிக் கொடுக்கணும். அனுப்பின பிறகு மறுபடி லிஸ்ட் எடுத்து ரெண்டையும் ஒப்பிடும். அப்புறம் ஆப்போட பக்கத்தைக் கேட்டு 200 வந்தாத்தான் 'இறங்கிட்டாங்க'ன்னு எழுதும். குந்தா ஐயா, அந்த வார்த்தையை உங்ககிட்ட இருந்துதான் எடுத்தேன்.

இன்னைக்கு சோதிச்சுப் பார்த்தேன். ஒரு பழைய டெஸ்ட் ஆப்ல 12 செட்டிங் வச்சு, வேணும்னே ஒத்தை ஜோடியை அனுப்பப் பார்த்தேன். நின்னுடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உண்மையாவே.

மழைக் கழிவு இப்ப டேபிள்ல இருக்கு. செட்டுல இருக்கிற பையனே மாத்தலாம், ஆப் ரீஸ்டார்ட் ஆகாது. தேயிலை ஆப் தனி ரிசோர்ஸ் குரூப்ல. கீ வால்ட் வேலை அடுத்த வாரம்.

#21 · அரவேணு · ஞாயிறு இரவு 8.41

ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கங்க. நீங்க லிஸ்ட் எடுத்ததுக்கும் அனுப்பறதுக்கும் நடுவுல ஹோம்ஸ்டேக்காரர் போர்ட்டல்ல மாத்திட்டா அவரோடது போயிடும். அதனால லிஸ்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு மத்த வேலை பார்க்காதீங்க, அனுப்பறதுக்கு முந்தின வரியில எடுங்க. ரேட்டையும் சீக்கிரம் டேபிளுக்குக் கொண்டு போங்க.

மத்தபடி ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி.

#22 · சிம்ஸ்பார்க் · ஞாயிறு இரவு 8.58

அண்ணா, என் லூப்பும் சரியாயிடுச்சு. அந்தப் பாட்டிக்கு மெசேஜ் போச்சா?

#23 · கட்டபெட்டு · ஞாயிறு இரவு 9.05

போச்சும்மா. வெள்ளிக்கிழமை காலையில நோட்டுல இருந்து ஏத்தினப்ப முதல்ல அவங்க வரியைத்தான் தேடினேன். பென்சில் எழுத்து ஈரத்துல பரவி, 25ஆ 26ஆன்னு தெரியலை. தராசுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டு, 25ன்னு உறுதி பண்ணிட்டுப் போட்டேன். 25 கிலோ, மழைக் கழிவு 2, நிகரம் 23. அன்னைக்குச் சாயந்திரம் செட்டுல போனை எடுத்துக் காட்டினாங்க.